ஆறு வந்து தூக்கிய படகு

சேகர் என்னைக் காவிரியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கே காவிரி இல்லை.

தென்னந்தோப்பைக் கடந்து கரைமேல் ஏறி, "இதான்க்கா ஆறு" என்று கையை நீட்டினான். எதிரே மணல்தான் கிடந்தது, வெயிலில் வெளுத்து, கண் கூசும்படி. அதன் குறுக்கே ஒரு டிராக்டர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நட்டாற்றில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. எங்கள் ஊர் கிள்ளான் ஆறு அழுக்காக இருக்கும், நாற்றமடிக்கும், ஆனால் ஒரு நாளும் இல்லாமல் போனதில்லை. ஆறு என்றால் இல்லாமலும் போகும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

"தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"மேட்டூர் திறந்துட்டாங்கன்னா கிளம்பி வந்துரும்க்கா." சொந்தக்காரர் யாரோ பஸ் ஏறி வருவதைப் போலச் சொன்னான்.

நான் மலேசியாவில், கிள்ளான் பக்கத்து மீன்பிடித் துறையில் படகு இன்ஜின் பட்டறை நடத்துகிறவள். அப்பா தொடங்கியது. அவர் கை நடுங்க ஆரம்பித்த பிறகு ஸ்பானர் என் கைக்கு வந்தது. சேகர் எங்கள் பட்டறையில் பல வருஷம் வேலை செய்தவன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வாழைத்தோட்டத்தைப் பற்றிப் பேசுவான். ஒருநாள் போதும் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். போன பிறகு அபூர்வமாகத்தான் பேசுவான். இந்த வருஷம் கூப்பிட்டு, "அக்கா, ஒரு படகு கிடைச்சிருக்கு. இன்ஜின் செத்துக் கிடக்கு. நீங்க வந்தா எந்திரிக்கும்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கிளம்பினேன். திருச்சிக்கு வருகிற எங்கள் ஊர்க்காரர்கள் பூர்வீகத்தைத் தேடுவார்கள், பட்டுப்புடவை எடுப்பார்கள். நான் ஒரு இன்ஜினைப் பார்க்க வந்தேன்.

படகு தோப்புக்குள், ஒரு புளியமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. மரப்படகு. நாலு ஆள் நீளம் இருக்கும். முன்பு இதை வைத்திருந்தவர் ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருஷங்களில் வெறுத்துப்போய்க் கவிழ்த்துப் போட்டுவிட்டாராம். "எடுத்துட்டுப் போயிடுங்கப்பா, பாம்பு அடையுது" என்று சொல்லிச் சேகரிடம் கொடுத்துவிட்டார். பலகைகளுக்கு நடுவில் என் சுண்டுவிரல் நுழைந்தது. உள்ளே ஒரு கோழி முட்டையிட்டு வைத்திருந்தது. இன்ஜினைக் கழற்றித் தனியாகச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். சாக்கை விலக்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயலில் தண்ணீர் இறைக்கிற அதே ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். தண்ணீரை மேலே ஏற்றப் பிறந்ததை, தண்ணீர்மேல் போகப் பழக்கியிருக்கிறார்கள்.

"இதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தெருவுக்குத் தெரு கிடைக்கும்க்கா" என்றான் சேகர், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"கிடைக்கும்லா" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' அவன் மனைவி மலருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்று முழுக்க வீட்டில் "சாப்பிடுங்கலா", "தண்ணி வேணுமாலா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் சிரிப்புக்கு அடியில் வேறொன்று இருந்தது. அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னாள். ஆற்றுக்கு நடுவில் ஒரு பெரிய திட்டு இருக்கிறது. வண்டல் மண். அதில் இவர்களும் இன்னும் இரண்டு குடும்பங்களும் குத்தகைக்கு வாழை போட்டிருக்கிறார்கள். ஆறு காய்ந்திருக்கும்போது டிராக்டர் மணலிலேயே போய் வரும். தண்ணீர் வந்துவிட்டால் பரிசல்தான். பரிசலில் எத்தனை தார் ஏற்ற முடியும்? போன வருஷம் பாதித் தார் மரத்திலேயே பழுத்து வௌவாலுக்குப் போய்விட்டது.

"இந்தப் படகு ஓடலைன்னா திட்டை விட்டுட வேண்டியதுதான்க்கா. அப்புறம் இவரு திரும்பப் பிளேன் ஏறணும். உங்ககிட்டதான் வந்து நிப்பாரு."

"வந்தா வேலை இருக்கு" என்றேன், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து.

"வேலை இருக்குன்னு தெரியும்க்கா. அதான் பயமா இருக்கு."

நான் வாழைப்பூவிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எனக்கு அவனைப்போல ஒரு மெக்கானிக் அதற்குப் பிறகு அமையவில்லை. அவன் திரும்பி வந்தால் எனக்கு லாபம். அதை அவளும் அறிவாள். அறிந்தும் எனக்கு வாழைப்பூ வடை சுட்டுத் தந்தாள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் வளர்ந்த நாக்கு இது. அந்த வடைக்கு அப்படியே மண்டியிட்டுவிட்டது.

மறுநாள் காலையில் சிலிண்டருக்குள் டீசலையும் மண்ணெண்ணெயையும் ஊற்றி ஊறப்போட்டேன். பிஸ்டன் துருவில் இறுகிப் போயிருந்தது. இதில் அவசரப்பட்டுச் சுத்தியலைத் தூக்கினால் எல்லாம் போச்சு. ஊறட்டும் என்று விட்டுவிட்டு, டீசலைத் தெளிக்கும் நாசிலையும் படகின் புரொப்பெல்லரையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நானும் சேகரும் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு பஸ் ஏறினோம்.

சத்திரத்தில் இறங்கியதுமே காது அடைத்தது. ஊர்ப் பெயர்களைக் கூவும் கண்டக்டர்கள், பூக்கடைகள், கூறுகட்டிய கொய்யாப் பழங்கள், யார்மீதும் இடிக்காமல் எல்லாருக்கும் நடுவில் புகுந்து போகும் ஆட்டோக்கள். எங்கள் ஊரில் இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடினால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே எதுவும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான்.

மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்கு நடந்தோம். ஜவுளிக்கடை வாசலில் ஒவ்வொருவரும், "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார்கள். எனக்குத் தேவை பருத்தித் திரியும் குங்கிலியமும். பலகை இடுக்கில் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினால் தண்ணீர் நுழையாது. நாட்டு மருந்துக் கடைக்காரர் குங்கிலியத்தை நிறுத்துக்கொண்டே, "வீட்டுல புகை போடவாம்மா?" என்றார்.

"படகுக்குங்க."

"படகுக்குப் புகையா?" என்று தராசைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். சேகர் விளக்கினான். அவர் நிறுத்தியதற்குமேல் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு, "ஒழுகாம இருக்கட்டும்" என்றார்.

கடையை விட்டு வெளியே வந்து தற்செயலாக நிமிர்ந்தேன். தெருவின் கூரைகளுக்கு மேலே, மின்கம்பிகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் மேலே, அந்தப் பாறை நின்றது. அதுவரை கடைகளைப் பார்த்துக்கொண்டு அதன் காலடியிலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரே கல். அதன் உச்சியில் ஒரு கோயில், மனிதர்கள் அங்கே எறும்பளவு. பக்கத்தில் ஒருவர் பாறையை ஒரு தடவைகூடப் பார்க்காமல் பிளாஸ்டிக் வாளி பேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தபடி நின்றதில் ஒரு சைக்கிள் என் முழங்காலில் வந்து மோதியது.

பாலக்கரைப் பக்கம் டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் பாய் ஒருவரிடம் இன்ஜின் நாசிலைக் கொடுத்தோம். அவர் அதைக் கழுவி மாட்டி, அடித்துக் காட்டினார். டீசல் பனிமூட்டம் போலச் சீறியது. "மாஷா அல்லாஹ், உசுரு இருக்குங்க" என்றார். பக்கத்து லேத் பட்டறையில் படகின் புரொப்பெல்லரை நிமிர்த்தி மெருகேற்றி வாங்கினோம். எங்கள் ஊரில் அதைக் கிப்பாஸ் என்போம், மலாயில் விசிறி. மூன்று இதழ், வெண்கலம். மெருகேறியதும் பொன்போல மின்னியது.

அதை மடியில் வைத்துக்கொண்டுதான் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தேன். காவிரிப் பாலத்துக்கு முன்னால் ஏதோ லாரி பழுதாகி நிற்க, பஸ் அசையவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார். யாரும் கோபப்படவில்லை. பக்கத்தில் மடிசார் கட்டிய ஒரு மாமி. என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டுவிட்டார்:

"பெருமாள் கைங்கர்யமா?"

"இல்லைங்க, படகுக்கு. தண்ணியைத் தள்ளற விசிறி."

"எந்தத் தண்ணியிலே?"

"காவிரியிலதான்."

மாமி ஜன்னல் வழியாக வறண்ட மணலைப் பார்த்தார். அப்புறம் புரொப்பெல்லரின் ஓர் இதழைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "காவேரித் தாயாருக்குன்னா அதுவும் கைங்கர்யம்தான். அவ வருவா. க்ஷேமமா ஓடட்டும்." கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் கேட்க எடுத்த வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் ஸ்ரீரங்கத்தில் இறக்கிவிட்டதும் சேகர், "வந்தது வந்தோம், கோயிலைப் பாத்துட்டுப் போயிடலாம்க்கா" என்றான். நகத்தில் கிரீஸோடு ராஜகோபுரத்தின் கீழ் நின்றேன். கழுத்து வலிக்கும் வரை நிமிர்ந்தும் உச்சி முடியவில்லை. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது வேறு. கோபுர வாசலுக்குள்ளே மோட்டார் சைக்கிள் போகிறது. மதிலுக்குள் தெரு, தெருவில் மருந்துக்கடை, ஏ.டி.எம்., தையல்காரர், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். அப்புறம் இன்னொரு மதில், இன்னொரு கோபுரம். ஓர் ஊரே கோயிலுக்குள் குடியிருக்கிறது. உள்ளே பிரசாதக் கடையில் வாங்கிய புளியோதரையைத் தூணில் சாய்ந்து தின்றேன். அந்தக் கல்லின் குளிர்ச்சி முதுகில் ஏறியது. படகை மறந்து எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, சேகர்தான் எழுப்பினான்.

அடுத்த நாள் பலகை வேலை. ராமலிங்கம் ஆசாரி கதவு ஜன்னல் செய்கிறவர். என் வயதுதான் இருக்கும். படகைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "இது எனக்குத் தெரியாத வேலைம்மா. செஞ்சது இல்லை. சொன்னா செய்யறேன், ஆனா சத்தம் போடக்கூடாது" என்றார். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, இரண்டு பேருமே சத்தம் போட்டோம்.

"கதவுக்கு இடைவெளி விட்டுத்தான் மாட்டுவேன். மழைக்கு மரம் உப்பும். உப்பினா இறுகும். வீட்டுக்காரம்மா போன் போட்டுத் திட்டும்."

"இதுல இறுகணும் ஆசாரி. தண்ணியில ஊறி, பலகை உப்பி, ஒண்ணோட ஒண்ணு நெருக்கிக்கணும். அப்பதான் ஒழுகாது."

அவர் உளியைக் கீழே வைத்தார். "அப்ப தண்ணிக்குள்ள இறக்கின உடனே?"

"உடனே ஒழுகும்."

"ஒழுகும்னு தெரிஞ்சே இறக்கணுமா?"

"ஆமாம். ஒரு நாள் ஊறினா நிக்கும்."

"இத்தனை வருஷமா எனக்குத் தலைவலியா இருந்தது உங்களுக்கு மருந்தா இருக்கு" என்று தலையை ஆட்டினார். உளுத்த பலகைகளை அகற்றி வேம்பில் புதுப் பலகை போட்டார். நான் திரி திணித்தேன். மலர் விறகடுப்பில் குங்கிலியம் காய்ச்சினாள். தோப்பு முழுக்கக் கோயில் வாசனை. பிறகு படகு முழுவதும் ஈரச் சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். இதற்கிடையே ஒருநாள் இன்ஜின் ஹாண்டிலைச் சுற்றினேன். இறுகிக் கிடந்த பிஸ்டன் சிணுங்கிக்கொண்டே நகர்ந்தது. அதற்கடுத்த நாள் டம் டம் என்று பிடித்துக்கொண்டது. புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் கலைந்து பறந்தன. சேகர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தான். புகைதான் என்றான்.

மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்ததும் படகை ஆற்றில் இறக்கினோம். இறக்கினோம் என்றால், வாழைமரங்களை வெட்டி உருளையாகப் போட்டு, டிராக்டரால் இழுத்து, வறண்ட மணல்மேல் நிறுத்தினோம். கரையில் இருந்த பனைமரத்தில் நீளக் கயிறு கட்டினோம். எங்கள் ஊரில் படகைத் தண்ணீருக்குக் கொண்டுபோவோம். இங்கே மணலில் வைத்துவிட்டு, ஆறு வரட்டும் என்று வீட்டுக்குப் போகிறார்கள். வெறும் மணலில், இன்ஜினும் புரொப்பெல்லருமாக ஒரு படகு நிற்பதைப் பார்க்க எனக்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலத்துக்குமேல்தான் தண்ணீர் வரும் என்று எல்லாரும் கணக்குப் போட்டிருந்தார்கள். அதற்குள் திட்டில் முற்றிய தார்களை வெட்டி டிராக்டரில் கொண்டுவந்துவிடலாம் என்று மலர் விடிந்ததும் ஆள்களோடு போய்விட்டாள். நாலு பெண்கள். அவர்களில் செல்வி என்பவள் கைக்குழந்தைக்காரி. குழந்தையைக் கரையில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, மதியத்துக்குள் வந்துவிடலாம் என்று போயிருந்தாள். டிராக்டர் முதல் நடை தார் ஏற்றி இந்தக் கரைக்கு வந்து இறக்கிக்கொண்டிருந்தது. அப்போது சேகரின் போனில் விவசாயிகள் குழுவில் ஒரு செய்தி வந்தது. தண்ணீர் மேற்கே முக்கொம்பு அணையைத் தாண்டிவிட்டது.

கரைமேல் ஓடினோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மேற்கே, மணலுக்கு மேலே கொக்குகள் கூட்டமாகத் தாழப் பறந்து வந்தன. "அதோ" என்றார் ராமலிங்கம். கொக்குகளுக்குக் கீழே ஒரு பழுப்புக் கோடு. அது நகர்ந்தது.

கடல் அலை ஏறுவதைத் தினமும் பார்க்கிறவள் நான். இது அப்படி இல்லை. உயரமே இல்லை, கணுக்கால் அளவுகூட இல்லை. நுரையையும் சருகையும் குச்சியையும் தள்ளிக்கொண்டு, விரல் விரலாகப் பிரிந்து, பள்ளம் பார்த்து வந்தது. டிராக்டர் சக்கரத் தடத்தில் புகுந்து அந்தத் தடத்தோடே ஓடியது. எங்கள் காலடிக் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பியது. காய்ந்த மணல் அதைக் குடிக்கும் சத்தம் கேட்டது, உஸ்ஸென்று, அடியிலிருந்து காற்றுக் குமிழிகள் கொப்பளித்தன. மணலுக்குள் இருந்த பூச்சிகள் எல்லாம் மேலே வந்து ஓட, கொக்குகள் அவற்றைக் கொத்திக்கொண்டே தண்ணீருக்கு முன்னால் நடந்தன. நட்டாற்று நாய்கள் எழுந்து, அவசரமில்லாமல் கரையேறின. கரையில் பெண்கள் பூவைத் தூவினார்கள். ஒருவர் சூடம் ஏற்றினார். யாரும் கத்தவில்லை. ராமலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என் கை தானாகக் கூப்பிக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

அதற்குள் சேகரின் போன் அடித்தது. மலர். "ஏங்க, திட்டைச் சுத்தித் தண்ணி வந்துருச்சு. டிராக்டரை அனுப்பாதீங்க. நாங்க மேட்டுலதான் இருக்கோம், பயமில்லை. செல்விதான் அழுவுது. புள்ளைக்குப் பால் குடுக்கணும்ல."

பரிசல்காரரைக் கூப்பிட்டோம். முதல் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்றார். மரம் மட்டை எல்லாம் உருட்டிக்கொண்டு வரும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். குறை சொல்ல முடியாது.

எங்கள் படகு இன்னும் மணலில்தான் நின்றது. தண்ணீர் அதன் அடிவயிற்றைத் தொட்டது. சுற்றி வந்தது. கீழே இருந்த மணலை அரித்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து முனகியது. நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடித்துக்கொண்டோம். வெயில் உச்சிக்கு ஏறும் நேரம், என் கைக்குக் கீழே அந்தப் பாரம் முழுக்க மெல்ல, மிக மெல்ல மேலே எழுந்தது. யாரும் தூக்கவில்லை. கயிறு இழுபட்டு விறைத்தது. படகு ஆற்றைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது.

உள்ளே ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் மணி மணியாகக் கோத்து இறங்கிக்கொண்டிருந்தது.

"போயிடலாம்க்கா" என்றான் சேகர்.

"நாளைக்குக் காலை வரைக்கும் ஊறட்டும். இப்பப் போனா நடுவுல நிறைஞ்சிடும்."

"அக்கா..."

"இன்ஜின் வரைக்கும் தண்ணி ஏறினா அவ்வளவுதான் சேகர். உனக்கே தெரியும்."

தெரியும். அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் கரையில் செல்வியின் குழந்தை மூடவில்லை. நாத்தனார் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். துணியை முறுக்கிக் கொடுத்துப் பார்த்தாள். அது தலையைத் திருப்பித் திருப்பித் தேடியது. மதியம் தாண்டியது. அழுகை கம்மிப்போய் விக்கலாக வந்தது. எதிரே திட்டில் ஒரு பெண் தண்ணீர் ஓரத்தில் இறங்குவதும், மற்றவர்கள் அவளை இழுத்துப் பிடிப்பதும் தெரிந்தது.

நான் படகுக்குள் தண்ணீர் ஏறும் வேகத்தைப் பார்த்தேன். முதலில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. நிற்கவில்லை. குறைந்திருந்தது, அவ்வளவே. வாளியால் இறைத்துக்கொண்டே போனால் தாங்கும் என்று தோன்றியது. தோன்றியதுதான், நிச்சயமில்லை. "இறைக்க ஒரு ஆள் வேணும்" என்றேன். காற்றடைத்த லாரி டியூப்களை உள்ளே போட்டுவிட்டு, ராமலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாதும்மா. ஆனா ஒழுகறது என் பலகை."

இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. கயிற்றை அவிழ்த்தோம். சேகர் சுக்கானில், நான் இன்ஜினோடு, ராமலிங்கம் வாளியோடு. கரையை விட்டதும் ஆறு எங்களைப் பிடித்தது. பக்கவாட்டில் இழுத்தது. ஒரு தென்னை மட்டை உரசிக்கொண்டு போனது. பாதி தூரம் வந்திருப்போம், இன்ஜின் சத்தம் கனத்தது. சூட்டு வாசனை. வெளியே துப்ப வேண்டிய குளிர்விப்புத் தண்ணீர் வரவில்லை. ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டது.

அணைத்தேன்.

அப்படி ஒரு நிசப்தம். படகு தானாகச் சுழன்று, கிழக்கே பார்த்தபடி மிதந்தது. இடப்பக்கம் தென்னைகளுக்கு மேலே ராஜகோபுரம். வலப்பக்கம் தூரத்தில் அந்தப் பாறை. நடுவில், காலையில் டிராக்டர் போன இடத்தில், நான். என் கீழே ஆள் முழுகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பயப்பட வேண்டிய நேரம் அது. ஏனோ பயம் வரவில்லை. ஒரு பெரிய உயிரின் முதுகில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"அக்கா!" என்று சேகர் கத்தினான். "கீழ போறோம்!"

வடிகட்டி வலையைக் கழற்றினேன். சருகு இல்லை, பிளாஸ்டிக் இல்லை. பூ. சாமந்தி இதழும் மல்லிகையும் நாரோடு சுருண்டு அடைத்திருந்தன. மேலே ஊர் ஊராகக் காவிரிக்குத் தூவிய பூ எல்லாம் எங்கள் குழாய்க்குள் வந்து சேர்ந்திருக்கிறது. வழித்து எடுத்தேன். கீழே போட மனம் வரவில்லை. ஆற்றிலேயே விட்டேன். வலையை மாட்டி ஹாண்டிலைச் சுற்றினேன். பிடிக்கவில்லை. மறுபடியும். ராமலிங்கம் வாளியை நிறுத்தாமல், "பிடிச்சுரும், பிடிச்சுரும்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை பிடித்தது. சேகர் படகின் மூக்கை மேற்கே திருப்பினான். அது தண்ணீரை எதிர்த்துப் போனது. மெதுவாகத்தான், ஆனாலும் போனது.

திட்டின் நீளத்தில் கால்வாசி தூரம் கீழே தள்ளிப்போய்த்தான் அதன் ஓரத்தில் ஒதுங்கினோம். பெண்கள் வாழைகளுக்கு நடுவில் ஓடி வந்தார்கள். செல்வி யாரையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. மலர் கடைசியாக வந்தாள். சேகரைப் பார்த்தாள், உள்ளே நின்ற தண்ணீரைப் பார்த்தாள், வாளியோடு நின்ற ராமலிங்கத்தைப் பார்த்தாள்.

"தார் இருக்கட்டும். ஆளு போனாப் போதும்" என்று சொல்லிவிட்டு ஏறி, ஒரு வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தாள்.

இந்தக் கரையில் படகு தட்டுவதற்கு முன்பே செல்வி குதித்துவிட்டாள். குழந்தையை வாங்கிக்கொண்டு அப்படியே கரைச் சரிவில் உட்கார்ந்து முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகை சட்டென்று நின்றது. அத்தனை பேர் நின்ற கரையில், குழந்தை மூச்சு வாங்கி வாங்கிக் குடிக்கும் சத்தம் கேட்டது. மலர் என்னிடம் வந்து, "சாப்பிட்டீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேலை. இரண்டு நாள் இடைவிடாமல் தார் வந்தது. படகில் ஏறும், கரையில் இறங்கும், லாரிக்குப் போகும். பக்கத்துக் குடும்பங்களின் தாரும் வந்தது. சேகர் அடுத்த போகத்துக்கு என்ன ரகம் போடலாம் என்று பேச ஆரம்பித்தான். பட்டறையைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஊருக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

கிளம்புகிற நாள் காலையில் ஆற்றுக்குப் போனேன். ஆறு கரை தொட்டு ஓடியது. எனக்கு முன்னாலேயே ராமலிங்கம் வந்து படகில் உட்கார்ந்திருந்தார்.

"வாளி எடுத்துட்டு வந்தேன். வேலை இல்லை" என்றார்.

நான் ஏறி, தரைப் பலகையைத் தூக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டேன். அவர் மூட்டிய வேம்புப் பலகை, நான் திணித்த திரி, அதற்கு அந்தப் பக்கம் முழு ஆறு. பலகைக்குள் அதன் ஓட்டம் விரலில் அதிர்ந்தது. கையை வெளியே எடுத்து அவரிடம் காட்டினேன். கொஞ்சம் காய்ந்த வண்டல் ஒட்டியிருந்தது. ஈரம் இல்லை.